ஜெஃப்ரி பாவா: கண்டலம, லுணுகங்க தவிர வேற எந்தக் கட்டடமெல்லாம் போய்ப் பாக்கலாம்?

கோவை_வழிப்போக்கன்:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரில மனைவி, அம்மாவோட இலங்கை போறோம். ஒரு வாரத்துக்கு மேல இருப்போம், பெரும்பாலும் கொழும்புல இருந்து தெற்குக் கடலோரமா மாத்தறை வரைக்கும், முடிஞ்சா மலைப்பக்கமும் கொஞ்சம். நான் ஆர்க்கிடெக்ட் கிடையாது, டெக்ஸ்டைல் மெஷின் சர்வீஸ்ல இருக்கேன், ஆனா சில வருஷமா இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவோட கட்டடங்கள் மேல ரொம்ப ஈடுபாடு வந்துடுச்சு. லண்டன்ல சட்டம் படிச்சு கொழும்புல வக்கீலா இருந்த மனுஷன், 1948ல பெந்தோட்ட பக்கத்துல ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை (அது தான் லுணுகங்க) வாங்கி அதைத் தன் இஷ்டத்துக்கு மாத்த ஆரம்பிச்சு, அந்த ஆசையிலயே திரும்ப லண்டன் போய்ப் படிச்சு 1957ல, 38 வயசுல தான் ஆர்க்கிடெக்டா வந்திருக்காரு. அதைப் படிச்சதுல இருந்து அவர் கட்டினது எதையாவது நேர்ல நின்னு பாக்கணும்னு இருக்கு.

பிரச்சினை என்னன்னா எங்க தேடினாலும் அதே நாலு கட்டடத்தோட பேரு தான் வருது. கண்டலம ஹோட்டல், லுணுகங்க, கோட்டே பார்லிமென்ட், அப்புறம் கடலோர ரிசார்ட் ஒண்ணு ரெண்டு. அந்த ஹோட்டல்ல தங்குற அளவுக்கு எங்க பட்ஜெட் இல்ல, பார்லிமென்ட் உள்ள போறதும் லேசுல நடக்காது. ஆனா அவர் ஸ்கூல், சர்ச், ஆபீஸ், தோட்ட பங்களா எல்லாம் கட்டியிருக்காருன்னு அங்கங்க ஒரு வரி மட்டும் கண்ணுல படுது. அதுல எதெல்லாம் இன்னும் நல்லபடியா நிக்குது, எதெல்லாம் வெளியாள் போய்ப் பாக்க விடுவாங்க, எதுக்கு முன்னாடியே சொல்லணும்? போனவங்க யாராவது சொன்னா பெரிய உதவி. அம்மாவுக்கு மூட்டு வலி, ரொம்ப படி ஏற முடியாது, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

வெள்ளவத்தையான்:

வணக்கம் அண்ணை. நான் கொழும்பிலதான் இருக்கிறன், முதல்ல கொழும்பைப் பற்றிச் சொல்லுறன், ஏனெண்டா வாற ஆக்கள் எல்லாரும் எயார்போர்ட்டில இருந்து நேரா பெந்தோட்டைக்கோ கண்டிக்கோ போயிடுவினம், ஆனா பாவா வேலை செய்த ஊர் இதுதான், அவர்ட சின்னக் கட்டிடங்கள் கனக்க இஞ்சதான் இருக்கு.

முதல்ல சீம மாலக்க. பெய்ரா வாவிக்குள்ள தண்ணியில நிக்குது, கங்காராம விகாரையோட சேர்ந்தது, 1970களின்ர கடைசியில கட்டினது. அந்த இடத்தில முந்தி இருந்த பழைய மண்டபம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிக்குள்ள இறங்கிப் போச்சு, அதுக்குப் பிறகுதான் பாவாவிட்ட குடுத்தவை. காசு குடுத்தது ஒரு முஸ்லிம் வர்த்தகர் குடும்பம், இறந்து போன தங்கட மகன்ர நினைவா. ஒரு பௌத்த மண்டபம், கட்டக் காசு குடுத்தது முஸ்லிம் குடும்பம், கட்டினவர் ஒரு பக்கம் முஸ்லிம் ஒரு பக்கம் பறங்கி, அதாவது ஐரோப்பியக் கலப்பு வழி வந்தவர், எனக்கு இந்த நகரத்தில மிகவும் பிடிச்ச கதை இதுதான். மூண்டு மேடை, நடுவில பாலம் மாதிரி நடைபாதை, நடு மேடையில மரச்சட்டங்களால செய்த மண்டபம், மேல நீல ஓடு. பழைய அனுராதபுரக் காலத்துக் காட்டு மடாலயங்களின்ர அமைப்பை வச்சுத்தான் செய்தவர் எண்டு சொல்லுவினம். படி பெரிசா இல்லை, அம்மா வடிவாப் போகலாம். தோள், முழங்கால் மூடின உடுப்பு போட்டுக்கொண்டு போங்கோ. பின்னேரம் வெயில் சரியிற நேரம் போனா நல்லம், பகல்ல சப்பாத்து கழட்டிப்போட்டு நடக்கேலாது, தரை அவ்வளவு சூடு.

ரெண்டாவது அல்ஃபிரட் ஹவுஸ் வீதியில இருக்கிற கேலரி கஃபே. அது 1960களின்ர தொடக்கத்தில ஒரு டொக்டருக்கு வீடாக் கட்டத் தொடங்கினது, பிறகு பாவாவே அதை எடுத்துத் தன்ர ஒஃபிசா வச்சிருந்தவர், கன வருசம் அங்க இருந்துதான் எல்லாப் பிளானும் வந்தது. இப்ப சாப்பாட்டுக் கடை. ஒரு தேத்தண்ணியோ கேக்கோ வாங்கினா காணும், ஆறுதலா இருந்து பாக்கலாம். ரோட்டில இருந்து பாத்தா ஒண்டும் தெரியாது. உள்ள போகப் போக ஒரு முற்றம், பிறகு ஒரு கூரை, பிறகு இன்னொரு முற்றம் எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு திறக்கும், கடைசி முற்றத்துக்கு வரேக்க பின்னால காலி வீதி எவ்வளவு கிட்ட இருக்கெண்டதே மறந்து போகும்.

மூண்டாவது அவர்ட சொந்த வீடு, பகத்தல வீதிப் பக்கம் 33ம் ஒழுங்கை, 11ம் இலக்கம். ஒரே வரிசையில இருந்த நாலு சின்ன வீடுகளை ஒண்டொண்டா வாங்கி, சுவரை உடைச்சு, கூரையைத் திறந்து ஒரே வீடாக்கினவர். 1958ல தொடங்கி பத்து வருசம் போல இந்த வேலை நடந்தது. அதால வீட்டுக்குள்ள எங்க நிக்கிறம் எண்டே விளங்காது, நீளமா ஒரு வெள்ளைத் தாழ்வாரம், அதின்ர ஓரமெல்லாம் வானம் தெரியிற சின்னச் சின்ன இடங்கள், ஒரு இடத்தில உங்கட செட்டிநாட்டில இருந்து வந்த பழைய தூண்கள் நிக்குது. கராஜில அவர்ட 1934ம் ஆண்டு ரோல்ஸ் ரொய்ஸ் கார் நிக்கும். இதுக்கு முன்கூட்டியே பதிவு செய்யவேணும், ஜெஃப்ரி பாவா டிரஸ்டின்ர வெப்சைட்டில செய்யலாம், சும்மா போய் மணி அடிச்சா விடமாட்டினம். மேல மொட்டைமாடிக்கு ஏறுற படி கொஞ்சம் செங்குத்து, அம்மா கீழ் வீட்டை மட்டும் பாத்தாலே போதும், அதுதான் முக்கியமான பகுதி.

இன்னொண்டு, ஒரு தமிழ் ஆளைப் பற்றிச் சொல்லாமப் போனா எனக்கு மனசு ஆறாது. பாவா எண்டு எல்லாரும் கதைப்பினம், ஆனா அவரோட 1967ல இருந்து இருபது வருசத்துக்கு மேல பார்ட்னரா இருந்து எல்லாத்தையும் நிக்க வச்ச எஞ்சினியர் கே. பூலோகசுந்தரம். பார்லிமென்ட் உட்பட பெரிய வேலைகள் எல்லாம் அந்தக் காலத்திலதான் நடந்தது. தண்ணிக்கு மேல, பாறைக்கு மேல, ஒல்லியான தூணுக்கு மேல ஓட்டுக் கூரை எண்டு ஒருத்தர் கீறிக் குடுக்கலாம், அது விழாம நிக்கவேணும் எல்லே. ஒவ்வொரு கட்டிடத்திலயும் நிக்கேக்க அவரையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ.

செங்கல்_சுண்ணாம்பு:

வெள்ளவத்தையான் சொன்னது மூணும் கண்டிப்பா போகணும். நான் திருச்சில ஆர்க்கிடெக்டா இருக்கேன், படிக்கிற காலத்துல இருந்து பாவாவைத் தேடித் தேடிப் போறவன், அதனால ஹோட்டல் பக்கமே போகாம அவரை முழுசா புரிஞ்சுக்க உதவுற ரெண்டு மூணு கட்டடம் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கொழும்புலயே ஹைட் பார்க் கார்னர்ல ஒரு பன்னிரண்டு மாடி ஆபீஸ் இருக்கு. ஸ்டேட் மார்ட்கேஜ் பேங்க்குக்காக 1976ல இருந்து 78க்குள்ள கட்டினது, அப்புறம் மகாவலி அதாரிட்டி கைக்குப் போயிடுச்சு, இப்போ மகாவலி பில்டிங்னு கேட்டா காட்டுவாங்க. பாக்க சாதாரண அரசாங்க ஆபீஸ் மாதிரி தான் இருக்கும், ஆட்டோல போனா கவனிக்காமலே தாண்டிடுவீங்க. ஆனா நின்னு ஜன்னலைப் பாருங்க. ஜன்னலுக்குக் கீழ காத்து மட்டும் உள்ள வர மாதிரி தனி வழி வச்சிருக்காரு, மழை பெய்யும்போது கண்ணாடியை மூடிட்டாலும் காத்து ஓடிட்டே இருக்கணும்னு. கட்டடம் அகலமா இல்லாம ஒல்லியா இருக்கறதும் அதுக்காகத் தான், இந்தப் பக்கம் நுழையுற காத்து அந்தப் பக்கம் வெளியேறணும். உயரமான கட்டடம்னா கண்ணாடிப் பெட்டி, உள்ள ஏசின்னு இன்னைக்கு வரைக்கும் நாம கட்டிட்டு இருக்கோம், அந்த மனுஷன் நாப்பது அம்பது வருஷம் முன்னாடியே வெயில் ஊர்ல மாடிக் கட்டடம் எப்படி இருக்கணும்னு செஞ்சு காட்டிட்டுப் போயிட்டாரு, அதை நாங்க யாருமே சரியா எடுத்துக்கலைங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம். வெளிய ரோட்டுல இருந்து பாத்தாலே இதெல்லாம் தெரியும், உள்ள போக வேண்டியதில்ல.

அடுத்தது ருஹுணு பல்கலைக்கழகம், மாத்தறைக்குக் கொஞ்சம் கிழக்க, வெல்லமடம. என்னைக் கேட்டா பாவாவோட மொத்த வேலையிலயும் ரொம்பக் கம்மியா பேசப்பட்ட பெரிய வேலை இது தான். 1980களோட தொடக்கத்துல ஆரம்பிச்சு 88 வரைக்கும் நடந்துச்சு. கடலைப் பாத்த குன்றுகள், நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்துல தண்ணியைத் தேக்கி ஒரு ஏரியாக்கி, ரோட்டுக்கும் கேம்பஸுக்கும் நடுவுல வச்சுட்டாரு, அதனால பஸ் சத்தம் உள்ள வரவே வராது. அம்பதுக்கு மேல தனித்தனிக் கட்டடம். எதுவும் குன்றை வெட்டித் தள்ளிட்டுக் கட்டினது இல்ல, சரிவு எங்க எப்படி இருக்கோ அப்படியே ஏறி இறங்குது, எல்லாத்தையும் கூரை போட்ட நடைபாதைங்க இணைக்குது. மழைக்காலத்துல குடை இல்லாம ஒரு வகுப்புல இருந்து இன்னொண்ணுக்கு நடக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, ஒரு கட்டடத்தைத் தனியா பாத்தா ஒண்ணுமே விசேஷமா தெரியாது. ஓட்டுக் கூரை, பூசின சுவர், சாதாரணத் தூண், அவ்வளவு தான். எல்லாம் ஒரே கட்டம் போட்ட பிளான்ல, ஒரே மாதிரி அளவுல, ஒரே மாதிரிப் பொருள்ல. ஆனா நடக்க ஆரம்பிச்சீங்கன்னா தான் விஷயம் புரியும், ஒரு திருப்பத்துல கடல் தெரியும், அடுத்த படியில மறைஞ்சிடும், பத்தடி போனா ஒரு மரத்தைச் சுத்தி ஒரு முற்றம், அங்க பசங்க உக்காந்து படிச்சுட்டு இருப்பாங்க, திரும்பினா ஏரி. எதைக் காட்டணும், எதை எப்போ மறைக்கணும்னு ஒருத்தர் அந்தக் குன்று முழுக்க நடந்து நடந்து யோசிச்சிருக்காருன்னு உங்க கால் சொல்லும். அங்க படிக்கிற பசங்க பெரும்பாலும் கிராமத்துல இருந்து வர்றவங்க, ஹோட்டல்ல பணக்காரங்களுக்குக் கிடைக்கிற அதே நிழலும் காத்தும் அவங்களுக்கு இங்க தினமும் கிடைக்குது. அதனால தான் இதை நான் கண்டலமவுக்கு மேல வைப்பேன்.

மூணாவது ஒருவெலவுல இருக்கிற ஸ்டீல் கார்ப்பரேஷன் ஆபீஸ், 1966ல இருந்து 69. கொழும்புக்குக் கிழக்க, அத்துருகிரிய பக்கம். பாவான்னா ஓடும் மரமும் தான்னு நினைக்கிறவங்களுக்கு இதைக் காட்டணும், முழுக்க கான்கிரீட். ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியை விட கொஞ்சம் வெளிய நீட்டி இருக்கும், மேல் மாடி கீழ் மாடிக்கு நிழல், மழையும் சுவர்ல அடிக்காது. கட்டடமே ஒரு பெரிய தண்ணித் தேக்கத்துக்கு மேல போய் நிக்குது. ஆனா அது ஃபேக்டரிக்குள்ள இருக்கு, முன் அனுமதி இல்லாம கிட்ட போக முடியாது, அதனால குடும்பத்தோட வர்ற உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன், ஆர்க்கிடெக்சர் ஸ்டூடண்ட்ஸ் யாராவது இதைப் படிச்சா காலேஜ் மூலமா லெட்டர் போட்டுக் கேளுங்க.

ஒரு சின்ன விஷயம், எங்க போனாலும் கூரையை அடியில இருந்து பாருங்க. அவரும் அவரோட டென்மார்க் பார்ட்னர் உல்ரிக் பிளெஸ்னரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, அடியில நெளிவு ஷீட், அது மேல பழைய அரைவட்ட ஓட்டைப் பதிச்சுடறது. ஷீட் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தாங்கும், ஓடு நகர்ந்தாலும் ஒழுகாது. சாய்வும் கம்மியா வைக்கலாம். அந்தக் காலத்துல இலங்கைல இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு, கண்ணாடி, இரும்பு எல்லாம் கிடைக்கறதே கஷ்டம், அந்த நெருக்கடியில தான் உள்ளூர் ஓடு, கருங்கல், தென்னை மரம்னு போனாங்க.

கோவை_வழிப்போக்கன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல. பூலோகசுந்தரம் பத்தி இப்போ தான் முதல் தடவையா கேள்விப்படுறேன், அம்மாகிட்ட சொன்னேன், அவங்களுக்கும் சந்தோஷம்.

ரெண்டு சந்தேகம். ருஹுணு கேம்பஸ்ல வெளிநாட்டு ஆள் சும்மா போய் கேட்ல கேட்டா விடுவாங்களா? குன்றுன்னு சொல்றீங்க, அம்மாவால எவ்வளவு தூரம் நடக்க முடியும்? அப்புறம் ஏனா டி சில்வாங்கற பாத்திக் (துணில மெழுகு வச்சு சாயம் போடறது) கலைஞரோட வீடு கொழும்புல இருக்குன்னு ஒரு பழைய கட்டுரைல படிச்சேன், அது இப்போ பாக்கக் கிடைக்குமா?

வைகைக்கரை:

நண்பரே, நீங்க கோயம்புத்தூர்ல இருந்துட்டு பாவாவைப் பாக்க கடல் தாண்டிப் போறதுக்கு முன்னாடி மதுரைக்கு ஒரு பஸ் ஏறுங்க! அவர் கட்டினது ஒண்ணு இங்க கோச்சடைல, மேலக்கால் மெயின் ரோட்டுல இருக்குங்கறது மதுரைக்காரங்களுக்கே முக்கால்வாசி பேருக்குத் தெரியாது. 1970களோட தொடக்கத்துல மதுரா கோட்ஸ் மில் அதிகாரிங்களுக்காக ஒரு கிளப் கட்டணும்னு அவரைக் கூப்பிட்டிருக்காங்க. நீங்க டெக்ஸ்டைல் லைன்ல இருக்கறவரு, உங்களுக்கு இது இன்னும் நெருக்கமா இருக்கும்.

இப்போ அது ஹெரிடேஜ் மதுரைங்கற ஹோட்டல். பதினேழு ஏக்கர், பூரா வயசான மரங்க. வில்லா எல்லாம் பின்னாடி சேத்தது, நடுவுல இருக்கற அந்த பழைய கிளப் ஹவுஸ் தான் பாவாவோடது, அதை அப்படியே வச்சிருக்காங்க. கருங்கல் சுவர், பெரிய ஓட்டுக் கூரை, பழைய கட்டடத்துல இருந்து எடுத்துட்டு வந்து நிறுத்தின கல் தூணுங்க, நாலு பக்கமும் காத்து ஓடுற திறந்த வராந்தா. மதுரை வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, மே மாசம் மத்தியானம் அந்த வராந்தால போய் உக்காந்தா தான் அந்த மனுஷன் என்ன செஞ்சிருக்காருன்னு தெரியும். நம்ம ஊர்க் கல்லு, நம்ம ஊர் கொத்தனாருங்க, அதனால இலங்கைல பாக்கறதை விட இது கொஞ்சம் கனமா, தரையோட ஒட்டி இருக்கற மாதிரி எனக்குப் படும், அங்க கூரை மெதக்கும், இங்க கல்லு தான் பேசும். ரூம் எடுக்க வேணாம், ரெஸ்டாரண்ட்ல சாப்பிடப் போனாலே அந்தப் பகுதியைப் பாத்துடலாம். நீச்சல் குளத்தையும் நம்ம தெப்பக்குளம் சாயல்ல படி வச்சுக் கட்டியிருக்காங்க.

சென்னைல கன்னிமாரா ஹோட்டலையும் 1970கள்ல அவர் தான் மாத்திக் கட்டினாரு, ஆனா அதுக்கப்புறம் எத்தனையோ புதுப்பிப்பு நடந்திருக்கு, அவரோட கையைத் தேடிப் பிடிக்கறது சிரமம். மதுரை அப்படி இல்ல, நேரா தெரியும்.

மலைமுகடு:

நான் பதுளை பக்கம், டீச்சர். அந்தக் கேள்வியில சர்ச் எண்டு பாத்ததும் எழுதாம இருக்க முடியல்ல. பண்டாரவளையில குட் ஷெப்பர்ட் கன்னியாஸ்திரிகளுக்காக 1961-62ல பாவாவும் பிளெஸ்னரும் சேந்து கட்டின ஒரு சிற்றாலயம் இருக்கு. கொழும்பில இருக்கிற அவர்ட வேலை எல்லாம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும், இங்க குளிர், அதனால கட்டிடமே வேற மாதிரி. தடிச்ச கருங்கல் சுவர், மலைச்சரிவில இருந்து அப்படியே எழும்பி வந்த போல. உள்ள வெளிச்சம் குறைவு, வாற வெளிச்சமும் எங்கயிருந்து வருதெண்டு உடனே தெரியாது. வேற மதத்து ஆக்கள் போனாலும் சும்மா கொஞ்ச நேரம் பேசாம இருக்கத் தோணும். அது மடத்துக்குள்ள இருக்கு, டூரிஸ்ட் இடம் இல்ல, அதனால முதல்ல மடத்தில கேட்டு, அவங்க சொல்ற நேரத்துக்குப் போங்க, பூசை நேரத்தில போட்டோ எடுக்கப் போகாதீங்க. கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து வாற பதுளை ரயில் பண்டாரவளையிலயே நிக்கும், எல்ல எண்ட ஊரப் பாக்க வாற ஆக்கள் எல்லாம் இந்த ஊரைத் தாண்டித் தான் போறாங்க, ஒருத்தரும் இறங்கிறதில்ல.

அதே சபைக்காக ஹங்வெல்லயில யஹபத் எந்தெர எண்டு ஒரு பண்ணைப் பள்ளிக்கூடமும் 1960களின் நடுவில செஞ்சு குடுத்தார், ஆதரவில்லாத பெண் பிள்ளைங்களுக்காக. பாவாவைப் பற்றி எழுதுற ஆக்கள் பெரிய முதலாளிமாருக்குக் கட்டினதையே எழுதுறாங்க, இந்தப் பிள்ளைங்க மாடு வளத்து, தோட்டம் செஞ்சு படிக்கிறதுக்கு அவர் எவ்வளவு யோசிச்சு இடம் செஞ்சார் எண்டத யாரும் பேசுறதில்ல. அது பிள்ளைங்க இருக்கிற இடமா இருந்ததால சும்மா சுத்திப் பாக்கப் போறத நான் சொல்ல மாட்டேன். ஆனா அப்பிடி ஒண்டு இருக்கெண்டு தெரிஞ்சிருக்கணும்.

தங்கிற இடம் ஒண்டு வேணும் எண்டா, நிக்கவெரட்டிய பக்கம் பொலொந்தலாவ தென்னந்தோட்ட பங்களா. 1960களின் நடுவில ஒரு சுவிஸ் கம்பனியின்ட தோட்ட மேனேஜருக்காகக் கட்டினது. அந்தக் காணியில யானை அளவு பாறைங்க கிடக்கு. பிளான் கீறிக்கொண்டு வந்து கட்டாம, அந்தப் பாறைங்களுக்கு நடுவில நிண்டு குச்சியும் கயிறும் வச்சே அளந்து வீட்டைக் குறிச்சாங்களாம் பாவாவும் பிளெஸ்னரும். ஒரு பாறை சுவராகும், இன்னொரு பாறையில உத்திரம் போய் உக்காரும். கடலோர ஹோட்டல் மாதிரி கூட்டம் இல்ல. முழு பங்களாவையும் குடும்பம் ரெண்டு மூணா சேந்து எடுத்தா தான் கட்டுப்படியாகும்.

ஓட்டுவீடு:

எல்லாரும் ஹோட்டலை ஒதுக்கறதைப் பாத்தா எனக்கு ஒரு சின்ன மறுப்பு இருக்கு. தங்க வேணாம், ஆனா உள்ள போகாம வந்துடாதீங்க. காலி ஊர்ல லைட்ஹவுஸ் ஹோட்டல், 1990களோட பாதியில கட்டினது, ஒரு டீ குடிக்கப் போங்க. கீழ இருந்து மேல ஏறுற அந்த வட்டப் படிக்கட்டு முழுக்க லக்கி சேனநாயக்க செஞ்ச உலோகச் சிலைங்க, 1630ல போர்த்துகீசியருக்கும் கண்டி ராஜா படைக்கும் நடந்த சண்டை. கைப்பிடியே போர்வீரனும் ஈட்டியும் குதிரையுமா சுத்திச் சுத்தி மேல போகுது, மேல ஏறி முடிச்சதும் முன்னாடி வெறும் கடல். அதை ஹோட்டல்னு நினைச்சு விட்டுட்டா நஷ்டம் நமக்குத் தான்.

பெந்தோட்ட பீச் ஹோட்டலும் அப்படித் தான், 1969ல முடிஞ்சது, இலங்கைல கடற்கரை ஹோட்டல்னு ஒரு வகையே அதுல இருந்து தான் வளந்துச்சு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இப்போ நிக்கறது சன்ன தஸ்வத்த, பாவாவோட கடைசிக் காலம் வரைக்கும் கூட வேலை பாத்தவரு, அவர் பொறுப்புல திரும்பக் கட்டினது. வரவேற்புக் கூடத்துல ஏனா டி சில்வாவோட பாத்திக் கூரையை மறுபடி செஞ்சு போட்டிருக்காங்க. பழசு தான் உசத்தின்னு சில பேர் வருத்தப்படுவாங்க, எனக்கு அந்தக் கூரைக்கு அடியில நின்னா போதும்.

லுணுகங்கவை எல்லாரும் சொல்றாங்கங்கறதுக்காக விட்டுடாதீங்க. 1948ல வாங்கி 1998ல பக்கவாதம் வந்து விழுற வரைக்கும் அம்பது வருஷம் அதைச் செதுக்கிட்டே இருந்தாரு. 2003ல அவர் இறந்ததும் அஸ்தி அங்க இருக்கற சினமன் ஹில்ல தான். வீட்டுல இருந்து அந்தக் குன்றுப் பக்கம் பாத்தா தூரத்துல ஒரு விகாரையோட தாகபை, அதாவது ஸ்தூபி, வெள்ளையா தெரியும், அதுக்கு நேர்கோட்டுல ஒரு மரத்தடியில ஒரு பழைய ஜாடி வச்சிருக்காரு, கண்ணு அங்க இருந்து இங்க தானா போகும். நடுவுல ஒரு ஊர் ரோடே போகுது, பள்ளத்துல மறைச்சு விட்டதால மேல இருந்து அது தெரியவே தெரியாது. பக்கத்துலயே அவரோட அண்ணன் பெவிஸ் பாவா உருவாக்கின பிரீஃப் கார்டனும் இருக்கு, அளுத்கமைல இருந்து ஆட்டோல போகலாம். அண்ணனோடது அடர்த்தியா, காடு மாதிரி, தம்பியோடது திறந்து, தூரம் தெரியற மாதிரி. ரெண்டையும் ஒரே நாள்ல பாத்தா அந்த வித்தியாசம் நல்லாப் பிடிபடும்.

செங்கல்_சுண்ணாம்பு:

ருஹுணு பத்திக் கேட்டிருந்தீங்க. அது நடந்துட்டு இருக்கற பல்கலைக்கழகம், செக்யூரிட்டி கேட்ல கேப்பாங்க. முன்னாடியே ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு ஒரு ஈமெயில், யார் வர்றீங்க, எந்தத் தேதி, ஏன் பாக்கணும்னு எழுதிடுங்க, பதில் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கோங்க, பாஸ்போர்ட்டும் இருக்கட்டும். பரீட்சை நேரமா இருந்தா விட மாட்டாங்க, அதையும் கேட்டுக்கோங்க. படி நிறைய தான், அதை மறைக்கல. அம்மாவைக் கீழ ஏரிப் பக்கம் நடைபாதைல நிழல்ல உக்கார வச்சுட்டு நீங்களும் மனைவியும் மேல ஒரு சுத்து போயிட்டு வாங்க, உக்கார எங்க பாத்தாலும் திண்ணை மாதிரி இடம் விட்டிருக்காரு.

ஏனா டி சில்வா வீடு இப்போ கொழும்புல இல்ல. 1960-62ல கட்டினது, நடுவுல மாமரத்தோட ஒரு பெரிய முற்றம், வெளிய பாக்காம உள்ளயே திரும்பின வீடு, அதுக்கப்புறம் கொழும்புல முற்றம் வச்ச வீடு கட்டற பழக்கமே திரும்பி வந்துச்சு. அந்த நிலத்தை விக்க வேண்டி வந்தப்போ இடிக்க விடாம, 2009ல கல்லு, ஓடு, கதவுன்னு ஒண்ணொண்ணா நம்பர் போட்டுப் பிரிச்சு எடுத்து லுணுகங்க பக்கத்துல மறுபடி நிறுத்தினாங்க. இப்போ அதுல தங்கவும் முடியும். லுணுகங்க டூர் புக் பண்ணும்போதே இந்த வீட்டையும் பாக்க முடியுமான்னு கேட்டுடுங்க.

வெள்ளவத்தையான்:

அண்ணை, அம்மாவோட வாறபடியால் ஒழுங்கு இப்பிடி வச்சுக்கொள்ளுங்கோ. கொழும்பில ஒரு நாள் காலமை 11ம் இலக்க வீடு, மத்தியானம் கேலரி கஃபே, ரெண்டும் கிட்டக் கிட்ட, பின்னேரம் ஹைட் பார்க் கோர்னர் வழியா சீம மாலக்க. அடுத்த நாள் கோட்டை ஸ்டேஷனில ரயில் எடுத்து அளுத்கம, கடுகதி ரயில் பெந்தோட்ட ஸ்டேஷனில நிக்காது. கடல் வலப்பக்கம் வரும், அந்தப் பக்கம் இருங்கோ. லுணுகங்கவும் பிரீஃபும் முடிச்சு அங்கயே இரவு தங்கிட்டு, பிறகு காலி, பிறகு மாத்தறை, எல்லாம் ஒரே ரயில் பாதைதான். பண்டாரவளைக்கு மாத்தறையில இருந்து திரும்பக் கொழும்புக்கு வரத் தேவையில்லை, வெல்லவாய வழியா ரோட்டால போகலாம், வான் பிடிச்சா அம்மாவுக்குச் சுகம்.

மற்றது போயா நாளையும், அதுதான் பௌர்ணமி லீவு நாள், பாத்துக்கொள்ளுங்கோ. அண்டைக்கு விகாரைப் பக்கம் சனம் நிரம்பி வழியும், ஒஃபிஸ்கள் பூட்டு, ருஹுணுவிலயும் ஒருத்தரும் இருக்க மாட்டினம். திகதி முடிவானதும் இஞ்ச எழுதுங்கோ, அந்த நாளில நான் கொழும்பில நிண்டா சீம மாலக்கவுக்கு நானும் வாறன்.